கிற்றார் பழக முதல் மூன்று ஏ.ரி.எம். காட் எடுங்கள்

[காட்சி: கிளிநொச்சி. தகரக் கூரை வீடு, விறாந்தை. மேசையில் ஒரு பழைய கிற்றார்.]

வணக்கம். ஆசையாகக் கிற்றார் வாங்கி, ஒரு மாதத்தில் சுவரில் மாட்டிவிட்டவர்கள் எங்கள் ஊரிலேயே எனக்குப் பல பேரைத் தெரியும். கேட்டால் "எனக்கு விரல் வளையாது" என்பார்கள். நான் நம்புவதில்லை. அநேகமான நேரம் பிழை விரலில் இல்லை, கிற்றாரில்.

அதனால் இன்றைக்குப் பாட்டு இல்லை. முதலில் கையில் இருக்கிற கிற்றாரைப் பார்ப்போம்.

[அண்மைக் காட்சி: கிற்றாரின் கழுத்து.]

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கம்பிக் கட்டைதான் பிரெட். வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலை. தலைப்பக்கமிருந்து எண்ணி 12ஆவது பிரெட்டுக்கு வாருங்கள். கம்பியின் நட்டநடு அதுதான். அந்த இடத்தில் ஆகத் தடித்த கம்பிக்குக் கீழே ஏ.ரி.எம். காட் மூன்றை அடுக்கிச் செருகிப் பாருங்கள். ஒரு காட் 0.76 மில்லிமீற்றர், மூன்றும் சேர்ந்தால் 2.3 அளவில் வரும். உருக்குக் கம்பிக் கிற்றாரில் மூன்றும் கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றால் நல்ல கிற்றார். நைலோன் கம்பிக் கிற்றாரில் நாலைந்து காட் போனாலும் பிழையில்லை. ஆறு காட் தாராளமாகப் போகிறதா? அதில் பழகினால் விரல் நொந்து, நீங்களும் சுவரில் மாட்டிவிடுவீர்கள். அடியில் கம்பி ஏறிப் போகிற வெள்ளைத் துண்டின் கீழ்ப்பக்கத்தை அரத்தாளில் உரசினால் உயரம் குறையும். தெரிந்த ஆளிடம் கொடுத்துச் செய்யுங்கள், கூட உரசினால் திரும்ப வளராது.

அடுத்தது கம்பி. நைலோன் கிற்றார் என்றால் நைலோன் கம்பிதான், பேச்சே இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாமா தந்த நைலோன் கிற்றாரில் சத்தம் காணாது என்று, கடையில் சொன்னதைக் கேட்டு உருக்குக் கம்பி போட்டேன். ஆனி மாதம், கச்சான் காற்று, தகரம் கொதிக்கிற மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறைக்குள்ளே 'படார்' என்றது. தேங்காய் விழுந்ததாக்கும் என்றார் அம்மா. போய்ப் பார்த்தால், கம்பி கட்டுகிற மரத்துண்டு பலகையை விட்டுப் பெயர்ந்து, ஆறு கம்பியோடும் தொங்குகிறது. உருக்குக் கம்பியின் இழுவை நைலோனைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சூட்டில் பசையும் இளகினால் பிறகு என்ன? எங்கள் பக்கத்து வெயிலில் கிற்றாரைத் தகரத்துக்குக் கிட்ட மாட்டவே வேண்டாம்.

உருக்குக் கம்பிக் கிற்றார் வைத்திருப்பவர்கள் 10 நம்பர் மெல்லிய கம்பி போடுங்கள். வாசித்து முடிய பழைய சாரத் துண்டால் துடையுங்கள். முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, உப்புக் காற்று என்ன செய்யும் என்று சைக்கிள் செயினே சொல்லும்.

சுருதி சேர்க்கப் போனில் ரியூனர் செயலி போதும். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.

[அண்மைக் காட்சி: இடது கை.]

இப்போது அழுத்துவோம். விரலைப் பிரெட்டின் மேலே வைத்தால் சத்தம் அமுங்கும். இரண்டு பிரெட்டுக்கு நடுவில் வைத்தால் வண்டு மாதிரி இரையும், இன்னும் பலமாக அழுத்தச் சொல்லும். பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், தலைப்பக்கமாக, அதை ஒட்டினாற்போல வையுங்கள். கேட்கிறதா? பாதிப் பலம் போதும்.

முதல் கோட். கோட் என்றவுடன் நீதவானை நினைக்காதீர்கள், இது சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள். மெல்லிய கம்பி முதலாவது, தடித்தது ஆறாவது. 2ஆவது பிரெட்டில் நடுவிரல் ஐந்தாம் கம்பி, மோதிரவிரல் நாலாம் கம்பி. ஆறு கம்பியையும் மீட்டுங்கள். இது ஈ மைனர், இரண்டே விரல்.

அப்படியே சுட்டுவிரலை மூன்றாம் கம்பியில் 1ஆவது பிரெட்டில் வைத்தால் ஈ மேஜர். முகம் சிரிக்கிற மாதிரி ஒலி மாறும்.

எனக்கு ஆகப் பிடித்தது இனி வருவதுதான். மூன்று விரலின் வடிவத்தையும் குலைக்காமல், அப்படியே ஒரு கம்பி கீழே, தரைப்பக்கம் இறக்குங்கள். ஏ மைனர் வந்துவிட்டது. ஆறாவது கம்பியை மட்டும் விட்டுவிட்டு மீட்டுங்கள்.

இந்த மூன்றுக்கும் இடையில் மாறி மாறிப் போங்கள், ஒரு நாளைக்கு 10 நிமிடம். விரல் நுனி நோகும், தோல் தடிக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும். நைலோனில் குறைவு. தோல் உரியும் அளவுக்குப் போனால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

சரி, என்னோடு சேர்ந்து: ஈ மைனரில் நாலு, ஈ மேஜரில் நாலு, ஏ மைனரில் நாலு. மெதுவாக.

[மூன்று கோட்டும் ஒலிக்கின்றன. பின்னால் ஒரு கோழி கூவுகிறது.]

கோழி சுருதியில் இல்லை. இன்னொருக்கால்.