எம்.எஸ்சி. நர்சிங் சேரப் போகிறீர்களா? முதலாண்டுப் பாடப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்

வணக்கம். நைட் டூட்டி முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் செவிலியர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் ஸ்டாஃப் நர்ஸ் தேர்வில், டிப்ளமோ முடித்தவரும் எம்.எஸ்சி. முடித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். எய்ம்ஸின் நார்செட் தேர்வு எழுதி 44,900 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் நர்சிங் ஆபீசராகச் சேருவதற்கும் முதுநிலைப் பட்டம் தேவையில்லை. பிரிட்டனுக்குப் போகும் எம்.எஸ்சி. செவிலியரும் பெரும்பாலும் பேண்ட் 5 எனப்படும் தொடக்கநிலைச் செவிலியர் ஊதியப் படியில்தான் பணியைத் தொடங்குகிறார்; அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வும் இந்தப் பட்டத்தைக் கேட்பதில்லை. அப்படியானால், இரண்டு ஆண்டுச் சம்பளத்தை விட்டுவிட்டு, கட்டணமும் கட்டி இதைப் படிப்பது எதற்காக?

தகுதி விவரங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்: பி.எஸ்சி. நர்சிங் அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண், செவிலியர் கவுன்சிலில் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம். மருத்துவ-அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், சமூகநலம் என ஐந்து சிறப்புப் பிரிவுகள் உள்ளன.

[திரையில்: முதலாண்டுப் பாடங்கள்]

இப்போது இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். இந்திய செவிலியர் கவுன்சில் நீண்ட காலமாகப் பின்பற்றிவந்த பாடத்திட்டத்தில், சிறப்புப் பிரிவுக்கும் ஆராய்ச்சிக்கும் இணையாக 'நர்சிங் எஜுகேஷன்' என்றொரு பாடம் இருக்கிறது. அதற்கு வகுப்பறையில் 150 மணி நேரம், செய்முறையில் இன்னொரு 150 மணி நேரம். அதாவது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதோடு, நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதும் உங்கள் பாடம். இந்தியாவின் முதல் முதுநிலை நர்சிங் படிப்பு 1959இல் டில்லியில், இன்று ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கும் கல்லூரியில் தொடங்கியது. நர்சிங் கல்லூரிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் அந்த வேலையை இந்தப் பட்டம் இன்றுவரை செய்துவருகிறது.

இதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். உங்கள் மேசையில் ஒரு லெசன் பிளான் தாள் இருக்கிறது. நேரம், குறிக்கோள், பாடப்பொருள், கற்பித்தல் முறை, துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறது. தலைப்பு, இன்சுலின் ஊசி போடும் இடங்கள். வார்டில் இதை நீங்கள் எத்தனையோ முறை, யோசிக்காமலேயே செய்திருப்பீர்கள். ஆனால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கட்டி விழும், அந்த இடத்தில் மருந்து ஒரே சீராக உறிஞ்சப்படாது என்பதை, முன்வரிசையில் கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மாணவிக்குப் புரியும்படி சொல்லத் தொடங்கும்போதுதான் நமக்கு எது தெரியும், எது வெறும் பழக்கம் என்பது பிரிந்து தெரிகிறது. என் பார்வையில் இந்தப் பட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான். அந்தத் தாளை நிரப்பும்போது உங்களுக்கு உற்சாகம் வந்தால் தாராளமாகச் சேருங்கள். எம்.எஸ்சி.யும் மூன்றாண்டுக் கற்பித்தல் அனுபவமும் இருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகலாம். முதல்வர் பதவிக்கு 15 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஏறும் படிகள் வகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வார்டிலேயே இருந்துகொண்டு மேலே வர விரும்புகிறவர்களுக்குப் பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு படிப்பு உண்டு: 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்'. இதுவும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புதான், ஆனால் ஐசியூவிலேயே பணியாற்றிக்கொண்டு படிக்கும் ரெசிடென்சி முறையில் அமைந்தது. பெரும்பகுதி நேரம் நோயாளியின் அருகில்தான் கழியும். ரத்த வாயுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும், மருத்துவரை அழைத்து எண்களை வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல், அந்த எண்கள் என்ன சொல்கின்றன, வென்டிலேட்டரில் எதை மாற்ற வேண்டியிருக்கும் என்று சிந்திக்கப் பழக்குகிறது இந்தப் படிப்பு. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்துதான் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பொறுப்பே பிறந்தது. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் அவர்கள் தாமாகவே நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதுகிறார்கள்; ஃபோர்டு அம்மையார் அதையெல்லாம் கண்டு, 2025 ஜனவரியில், தம் 104ஆவது வயதில் மறைந்தார். நம் நாட்டில் அந்த அதிகாரமும் அதற்குரிய பதவிகளும் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆகவே, சேருவதற்கு முன்பே, படிப்பை முடித்தவர்களை உங்கள் மருத்துவமனை எந்தப் பதவியில் வைத்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் அடுத்த செய்தியைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். வளைகுடா நாடுகள் பொதுவாக இரண்டாண்டு வார்டு அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. முழுநேரமாகப் படித்த காலமும் கல்லூரியில் பாடம் எடுத்த காலமும் அந்தக் கணக்கில் சேர்வது கடினம். எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர், எம்.எஸ்சி. முடித்து ஆறு ஆண்டுகள் டியூட்டராக இருந்துவிட்டு விண்ணப்பித்தபோது, "கடைசியாக எப்போது வார்டில் வேலை பார்த்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் நின்றுவிட்டார். மீண்டும் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, தம்மிடம் படித்த மாணவியின் கீழ் நைட் டூட்டி பார்த்து அந்த அனுபவத்தை ஈட்டினார். அவருடைய அறிவில் குறை ஏதுமில்லை. எந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும் என்று முன்கூட்டியே சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

கவுன்சலிங்கில் மிஞ்சிய இடம் என்பதற்காக, ஒருநாள்கூட வேலை பார்த்திராத பிரிவை எடுக்காதீர்கள். இரண்டாண்டும் அதில்தான், ஆய்வேடும் அதில்தான். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கல்லூரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம். முதுநிலை மாணவர்கள் எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள், உங்கள் பிரிவில் எத்தனை வழிகாட்டிகள் இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். முடிந்தால் இரண்டாமாண்டு மாணவி ஒருவரோடு கேன்டீனில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுங்கள்.

இந்த ஐந்து பிரிவுகளில் எதை எடுக்க நினைக்கிறீர்கள், இதுவரை எந்த வார்டில் எத்தனை ஆண்டு இருந்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன்.