அண்டங்காக்கைகள் கட்டிய ஊர்

தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, எனக்கு மேடையும் ஒரு சோடாவும் கொடுத்த நூலகச் செயலாளர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் பிழைப்பைக் கெடுத்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, இடமில்லாமல் தூண் ஓரம் நின்று கேட்கிற நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் வயசைப் பார்த்து மன்னித்துவிடுங்கள்.

ஹங்கேரியில் ஹொல்லோக்கோ என்று ஒரு குட்டி ஊர். புடாபெஸ்டிலிருந்து வடகிழக்கே, நோக்ராட் மாவட்டத்து மலைக்குள்ளே இருக்கிறது. சில நூறு பேர்தான். பலோட்ஸ் என்ற மக்கள், ஹங்கேரிய மொழியைத் தங்களுக்கென்று ஒரு தினுசாகப் பேசுகிறவர்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: கோட்டை, நெருப்பு, அந்த ஊர்ப் பெண்களின் உடுப்பு.

கோட்டை 13-ஆம் நூற்றாண்டில், மங்கோலியர் வந்து நாட்டைச் சூறையாடிப்போன பிறகு கட்டியது. ஆனால் ஊரில் சொல்கிற கதை வேறு. ஒரு பிரபு பக்கத்து ஊர் அழகியைத் தூக்கிக்கொண்டுபோய், தான் கட்டிக்கொண்டிருந்த கோட்டையில் அடைத்துவிட்டான். அந்தப் பெண்ணுக்கு ஒரு செவிலித்தாய். நம் சங்கப் பாட்டுச் செவிலி மாதிரி அழுதுகொண்டு வழியில் வருகிறவர்களை விசாரிக்கிற ஆள் இல்லை இவள், மந்திரக்காரி! நேராகச் சாத்தானிடமே போய்ப் பேசி முடித்துவிட்டாள். அப்புறம் என்ன, இரவோடு இரவாக அண்டங்காக்கைகள் கூட்டம் கூட்டமாக வந்து, பிரபுவின் கோட்டையை ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கிக்கொண்டுபோய்த் தூரத்துப் பாறை மேல் வேறொரு கோட்டையாக அடுக்கிவிட்டன. ஹொல்லோ என்றால் அண்டங்காக்கை, கோ என்றால் கல். அட, சிரிக்காதீர்கள் தலைவரே, நான் எப்போதும் சொல்கிற பழமொழி இதுதானே, ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், அங்கே காக்கை கூடிக் கோட்டையையே இழுத்திருக்கிறது.

சரி, நெருப்புக்கு வருகிறேன். எளிதில் தீப்பிடிக்கும், மரத்தால் வீடு கட்டாதே என்று 1783-ல் அரச ஆணை வந்தது. ஊர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பலன், அடிக்கடி ஊர் எரிந்தது, கடைசியாக 1909-ல். எரிந்த பிறகாவது புத்தி வந்து வேறு மாதிரி கட்டினார்களா? இல்லை! அதே கல் அடித்தளம், அதே வெள்ளையடித்த சுவர், மரத்தூண் வைத்த தாழ்வாரம். ஒரே தெரு. மகனுக்குக் கல்யாணமானால் குறுகலான அதே குடும்ப மனையில் பின்பக்கம் இன்னொரு வீடு, விளைநிலத்தைத் தொடமாட்டார்கள். இது பிடிவாதம் என்று நீங்கள் சொல்லலாம், எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுத்தது என்றால் இதுதான்.

அந்தப் பிடிவாதத்துக்குத்தான் 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. இங்கேதான் என் பழைய புலம்பல். இந்த ஊரை அந்தப் பட்டியலில் சேர்த்தது வெறும் வீட்டழகுக்காக இல்லை, அங்கே ஜனங்கள் பிழைத்த விதத்துக்காக. இப்போதோ இளசுகள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட, பழைய தெருவில் பல வீடுகள் அருங்காட்சியகம், கடை, விருந்தினர் விடுதி. சுவருக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பங்கை அங்கே குடும்பம் நடத்துகிறவனுக்குக் கொடு, அதுவும் முதலில் கொடு என்றுதான் நான் எந்த மேடை கிடைத்தாலும் கேட்கிறேன். இழுக்க ஆளில்லாமல் தேரை மட்டும் பெயின்ட் அடித்து வைத்து என்ன செய்வது?

செயலாளர் ஐயா மணியடித்துவிட்டார், நியாயம்தான், அம்மா பேசியதில் பாதி நேரத்தை நான் கதைக்கே தின்றுவிட்டேன். உடுப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை. அந்தப் பெண்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாவாடை உடுத்துகிற விவரம் வேண்டும் என்பவர்கள் வாசல் பக்கம் வாருங்கள், கையெழுத்துத் தாளோடு அங்கேதான் நிற்பேன்.