இருவர் மிஞ்சிய ஊர்: ஹோலஷோவிட்சே

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, என்னைப் பற்றி உண்மைக்குச் சற்றுக் கூடுதலாகவே சொல்லி அறிமுகம் செய்துவைத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, இந்த நூலகத்தைத் தம் வீட்டைப் போலப் பேணிவரும் நூலகர் அவர்களே, சென்ற ஆண்டு நான் பெயர் சொல்ல மறந்ததற்காக ஆறு மாதம் என்னோடு பேசாதிருந்தும் இன்று பெரிய மனத்துடன் வந்திருக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

செக் நாட்டின் ஒரு சிற்றூரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன், அந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று விழாக் குழுவினர் தயங்கினார்கள். சங்க இலக்கியத்தை மேலைநாட்டாருக்கு எடுத்துரைத்த தமிழறிஞர் கமில் சுவலபில் 1927இல் பிறந்தது அந்நாட்டின் தலைநகரான பிராகில் தான். இம்மண்டபத்தின் வாசலில் கழற்றிவிடப்பட்டிருக்கும் செருப்புகளில் சில, 1894இல் அந்நாட்டின் சிலின் நகரில் தொடங்கப்பட்ட பாட்டா நிறுவனத்தின் பெயரைத் தாங்கியவையாக இருக்கலாம். தொடர்பு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

அந்த ஊரின் நிலம், நீர், வீடு, மொழி ஆகிய நான்கையும் வரிசையாகச் சொல்வதாக இருக்கிறேன். அதற்கு முன், எந்த மேடையிலும் நான் சொல்லாமல் விடாத பழமொழியைச் சொல்லிவிடுகிறேன்: எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

ஊரின் பெயர் ஹோலஷோவிட்சே. நாட்டின் தென்பகுதியில், செஸ்கே புடெயோவிட்சே என்னும் நகருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தெற்கே பிளான்ஸ்கி லெஸ் என்னும் காட்டு மலைகள் எழுகின்றன. அவற்றுள் மிக உயர்ந்த க்ளெத் சிகரத்தின் உயரம் 1,084 மீட்டர். வடக்கே கெண்டை மீன் வளர்க்கும் ஏரிகள் நிறைந்த தாழ்நிலம் விரிகிறது. காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே, 210 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு புல்வெளி. அதில் ஒரு சிறு குளம், 1755இல் கட்டிய, நெபொமுக் யோவான் என்னும் புனிதரின் சிற்றாலயம், ஒரு கொல்லன் பட்டறை. அதைச் சுற்றி 23 பண்ணை வீடுகள். ஊர் என்று சொல்லத்தக்கது அவ்வளவே. ஒவ்வொரு வீடும் தன் குறுகிய முகப்பைப் புல்வெளியின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, முற்றத்தையும் தொழுவத்தையும் களஞ்சியத்தையும் தனக்குப் பின்னால் நீட்டியிருக்கிறது. பொதுவிடத்தின் ஓரத்தில் எல்லோருக்கும் ஒரு பங்கு வேண்டும், எவருக்கும் அகலமான பங்கு கிடையாது என்ற கணக்கில் இடைக்காலத்தில் அளந்து கொடுத்த மனைகள் அவை.

இந்த ஊரின் பெயர் 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே வருகிறது. 1292இல் அரசர் இரண்டாம் வாட்ஸ்லாவ் இதனையும் வேறு சில ஊர்களையும் விஷ்ஷி பிராட் மடத்தைச் சேர்ந்த, கத்தோலிக்கத் துறவியரில் ஒரு பிரிவினரான சிஸ்டெர்சியத் துறவியருக்குக் கொடையாக அளித்தார். அன்று தொடங்கி, பண்ணையடிமை முறை ஒழிந்த 1848 வரை, ஐந்தரை நூற்றாண்டுக் காலம் இந்த மக்கள் மடத்தின் குடிகளாகவே இருந்தார்கள். மடம் நல்ல எசமானா, கெட்ட எசமானா என்ற வழக்கை நான் இங்கே நடத்தப் போவதில்லை. கணக்கு எழுதத் தெரிந்த எசமான் என்பதே என் பேச்சுக்குப் போதும்.

1520க்கும் 1525க்கும் இடையில் கொள்ளைநோய் வந்தது. அது விலகியபோது ஊரில் உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் இருவர். அவையோர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இருவரும் கணவன் மனைவியா, வரப்புச் சண்டையில் ஆண்டுக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத அண்டை வீட்டுக்காரர்களா என்பது குறிப்பில் இல்லை, வெறும் 'இருவர்'. இறந்தவர்களைப் புதைத்த இடத்தில், ஊரின் வடபகுதியில், பின்னாளில் ஒரு நினைவுத் தூணை எழுப்பினார்கள். மடத்தார் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் மொழி பேசும் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். 1530இல் ஊரின் மக்கள்தொகை 17. ஒருவர் உட்கார்ந்து எண்ணி எழுதாமல் அந்தப் பதினேழு நம் கைக்கு வந்திராது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தமக்கையின் மகன் பிராகில் கணினித் துறையில் வேலை பார்க்கிறான். அவனோடு தங்கியிருந்தபோது, கோட்டையும் பாலமும் பார்த்து அலுத்துப்போய், "தம்பி, இந்த நாட்டில் ஊர் என்று ஒன்று இருக்குமே, அதைக் காட்டு" என்றேன். "மாமா, உங்களுக்கு ஏற்ற இடம் இருக்கிறது" என்று சொல்லி, ரயிலிலும் பேருந்திலும் ஏற்றி ஹோலஷோவிட்சேயில் இறக்கிவிட்டான். இறங்கியதும் தூறல். குடையை ரயிலிலேயே விட்டுவிட்டிருந்தோம்; யார் விட்டது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. வளைவு வைத்த ஒரு வாசலின் கீழே ஒதுங்கினோம். உள்ளேயிருந்து முதலில் ஒரு நாய் வந்தது, அதன் பின்னால் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வந்தார். என் மருமகனின் செக் மொழியைக் கேட்டு முதலில் நாய் குரைப்பதை நிறுத்தியது. பிறகு அந்த அம்மையார் சிரித்துவிட்டு எங்களை உள்ளே அழைத்தார். நடுவில் கசகசா வைத்துச் சுட்ட வட்டமான ரொட்டிப் பலகாரம் ஒன்றை, கோலாச் என்பார்கள், தட்டில் வைத்து நீட்டினார். நாம் குருமாவில் அரைத்துவிடும் கசகசாவை இனிப்புக்குள் வைத்து உண்ணும் மக்களிடம் எனக்கு அப்பொழுதே ஒரு மரியாதை பிறந்துவிட்டது. உண்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஊரில் எத்தனை வீடு?" என்பது. நான் ஊர்ப் பெருமை பேசுகிறவன் அல்லவா, "முந்நூறு இருக்கும்" என்று தயங்காமல் சொன்னேன். மருமகன் மொழிபெயர்த்தான். அம்மையார் தலையசைத்துவிட்டு மறுகேள்வி கேட்டார்: "எந்த ஆண்டில்?"

அவையில் சிரிப்பு எழுகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவனுக்குத் தன் ஊரின் வீட்டு எண்ணிக்கையை ஓர் ஆண்டோடு சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மையாருக்கு அக்கேள்வி இயல்பானது. அங்கே வீட்டு முகப்பிலேயே ஆண்டை எழுதி வைத்திருக்கிறார்கள். 1840க்கும் 1880க்கும் இடையில் அக்குடியானவர்கள் தங்கள் வீடுகளை எடுத்துக் கட்டியபோது, நகரத்து மாளிகைகளிலும் தேவாலயங்களிலும் கண்ட, பரோக் என்னும் ஐரோப்பிய அலங்காரக் கட்டடப் பாணியின் வளைவுகளையும் சுருள்களையும் சுண்ணாம்புக் காரையில் தங்கள் கைக்கு வந்தபடி வடித்துக்கொண்டார்கள். அதனை நாட்டுப்புறப் பரோக் என்கிறார்கள். வீட்டைப் பற்றி நான் விரிவாகச் சொல்வதாக அறிவித்தேன்; ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆகவே மொழிக்குச் செல்கிறேன்.

1895இல் இவ்வூரில் 157 ஜெர்மானியரும் 19 செக்கியரும் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், செக் நாடு அன்று அங்கமாயிருந்த செக்கோஸ்லோவாக்கியா முழுவதிலுமிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது, நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களும் சென்றார்கள். பண்ணைகள் பூட்டிக் கிடந்தன; கூரைகள் சரிந்தன. கொள்ளைநோய்க்கு அடுத்து, இவ்வூர் இரண்டாம் முறை வெறுமையானது அப்போதுதான். இடித்துப் புதிதாகக் கட்ட ஆள் இல்லாததால்தான் பழைய வடிவம் தப்பியது என்பது என் கருத்து. கட்டடக் கலைஞர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். 1990 முதல் வீடுகளைச் செப்பனிட்டு மக்கள் மீண்டும் குடிபுகுந்தார்கள். 1998இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று அங்கே வாழ்வோர் நூற்றைம்பதுக்கும் குறைவானவர்களே.

பட்டியலில் சேர்த்ததைப் பாராட்டும் அன்பர்கள், அந்நாட்டின் வேறொரு வழக்கத்தையும் பாராட்ட வேண்டும். 1835இலேயே, செக் நாட்டின் மேற்குப் பெரும்பகுதியான பொஹீமியாவின் ஆட்சித் தலைவராயிருந்த கரேல் கோட்டெக் பிரபு, ஊர்கள் தத்தம் நிகழ்ச்சிகளை ஏட்டில் எழுதிவர வேண்டும் என்று ஆணையிட்டார். செக்கோஸ்லோவாக்கியா என்னும் புதிய குடியரசு பிறந்த இரண்டே ஆண்டுகளில், 1920இல், ஒவ்வோர் உள்ளாட்சியும் ஊர் நினைவேடு வைத்திருப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் புதுப்பித்திருக்கிறது. குரோனிகா என்பது அந்த ஏட்டின் பெயர். எழுதுவதற்கென்று ஒருவர் பொறுப்பில் இருப்பார். பதினெட்டு வயது நிரம்பிய ஊரார் எவரும், இன்ன செய்தியை எழுதுக என்று முன்மொழியலாம். சாலை எப்பொழுது போட்டார்கள், வெள்ளம் எந்த வாசற்படி வரை ஏறியது, பள்ளிக்கூடம் எந்த ஆண்டு மூடப்பட்டது என்றெல்லாம் எழுதுவார்கள். தென்பகுதி ஊர்களின் பழைய ஏடுகள் பலவற்றைத் திரெபோன் ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தபடியே புரட்டலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாரேனும் எழுந்து சொல்லக்கூடும். சுரைக்காய் காய்த்த கொடியும் போய், கொடி படர்ந்த வேலியும் போய், வேலிக்கு உரியவரும் போனபின் ஏட்டில் உள்ள சுரைக்காய் ஒன்றுதான் மிச்சம் என்பதே என் மறுமொழி. ஆகவேதான், பேரூராட்சித் தலைவர் அம்மையாரிடம் நான் மூன்று ஆண்டுகளாக ஒரே விண்ணப்பத்தை வைத்துவருகிறேன்: நம் பேரூராட்சிக்கும் ஓர் ஊர்ப் பேரேடு வேண்டும், அதனை எழுத ஊதியமில்லாத ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் முன்னால்தான் நிற்கிறார்.

நீரைப் பற்றிச் சொல்லவில்லையே என்று தலைமையாசிரியர் ஐயா சைகை காட்டுகிறார். கெண்டை ஏரிகளுக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். தலைவர் மணியை இரண்டாம் முறை அடித்துவிட்டார். வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு அருகே ஒரு மேசைமேல் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நம் ஊரின் வீட்டு எண்ணிக்கைக்கு இடம் விட்டிருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதலாம், எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வணக்கம்.