டி செல்லின் காதில் விழுவது என்ன?

(மயிலாப்பூரில் மார்கழி மாலை ஒன்றில் பொதுமக்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வருகிற வழியெல்லாம் வாசல்களில் கோலம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மா, வலி என்று முதலில் சொல்லவே இல்லை. "கோலமாவு விரல்ல நிக்க மாட்டேங்குது டாக்டர்" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்ட முயன்றார், சேரவில்லை. விரல்களின் அடிக்கணுக்கள் வீங்கியிருந்தன. காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் கை மடங்காது, வெந்நீரில் வைத்தால்தான் கொஞ்சம் இளகும் என்றார். சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு மூட்டுவாதம்: உடம்பைக் காக்க வேண்டிய செல்களே சொந்த மூட்டைத் தாக்கும் நோய்.

அவர் பையில் நான்கு பாட்டில்கள் இருந்தன. நான்கிலும் 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று எழுதியிருந்தது. எதிர்ப்பு சக்தி குறைந்துபோய்தான் இந்த நோய் வந்தது என்று வீட்டில் சொன்னார்களாம். இன்னும் சிலர், சக்தி கூடிப்போனதால் வந்தது என்பார்கள். கூடுதல், குறைச்சல் என்ற இந்தக் கணக்கே இங்கே பொருந்தாது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தக் காவல் செல்களில் முக்கியமானது டி செல், ரத்தத்தில் சுற்றும் வெள்ளையணுக்களில் ஒரு வகை. மற்ற செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை வாசலில் வைத்துக் காட்டும். டி செல் தன் ஏற்பியால் அதைத் தொட்டுப் பார்க்கும். தொட்டது தனக்குரிய இலக்கு என்றால் உள்ளே ஒரு சேதி கிளம்புகிறது. எல்சிகே என்ற நொதி, ஏற்பியை ஒட்டி நிற்கும் புரதங்களின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஜாப்-70 என்ற இன்னொரு நொதி வந்து உட்காருகிறது. அப்புறம் கால்சியம் ஏறுகிறது. கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்ப, அது என்ஃபேட் என்ற புரதத்தைச் செல்லின் கருவுக்குள் போகவிடுகிறது. அங்கே, பெருகச் சொல்லும் புரதமான இன்டர்லூகின்-2இன் மரபணு வேலை செய்யத் தொடங்க, ஒரு செல் பலவாகப் பெருகுகிறது. கால்சியம் ஏறுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சரி, இந்தச் சேதி பலமாக இருந்தால் நோய், பலவீனமாக இருந்தால் நோயில்லை என்றுதானே நினைப்போம்? நானும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஓர் எலி. ஜப்பானில் சகாகுச்சி என்ற நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளரின் குழு 2003இல் அந்த எலியைப் பற்றி எழுதியது. அதன் ஜாப்-70இல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதனால் டி செல்லின் சேதி மங்கிப்போனது. அப்படிப்பட்ட எலிக்கு மூட்டுவாதம் வந்தது!

காரணம் நம் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது. தைமஸ் சுரப்பிதான் டி செல்களின் பள்ளிக்கூடம், அங்கே பரீட்சை மிகக் கடுமை. நுழைகிற செல்களில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. நம் சொந்தப் புரதத்தைத் தொட்டு உரத்த சேதி எழுப்பும் செல் அங்கேயே அழிக்கப்படும். அந்த எலியிலோ, அழிய வேண்டிய செல்லுக்குள் சேதி முணுமுணுப்பாகவே எழுந்தது. ஆபத்தில்லாதது என்று அதை வெளியே விட்டுவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. கிருமிகள் அண்டாத சுத்தமான கூண்டில் வளர்த்தால் அதே எலிக்கு நோய் வருவதில்லை. பூஞ்சையின் செல்சுவர்ச் சர்க்கரையைச் செலுத்தினால் வந்துவிடுகிறது. நோய் பரம்பரையில் இருக்கும் குடும்பத்தில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூண்டுதான் நினைவுக்கு வரும்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தாலும் உடனே தாக்கிவிட முடியாது. வங்கி லாக்கருக்கு உங்கள் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று வேண்டுமல்லவா? டி செல்லில் ஏற்பி ஒரு சாவி, அதன் மேலிருக்கும் சிடி-28 என்ற புரதம் இன்னொன்று. ஒரு சாவி மட்டும் திரும்பினால் செல் மரத்துப்போகும். வேலை முடிந்ததும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் வந்து, எதிரே நிற்கும் செல்லில் சிடி-28 பிடிக்க வேண்டிய கைப்பிடியை அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அது இல்லாத எலிகள் பிறந்து மூன்று நான்கு வாரங்களிலேயே இறந்ததை 1995இல் கண்டார்கள். அந்தப் புரதத்தையே சரவாங்கிக்கு ஊசி மருந்தாக மாற்றியதுதான் அபாடாசெப்ட். இவற்றைத் தவிர, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் டி செல்களும் உண்டு. அவற்றுக்குத் தலையெழுத்து போன்றது ஃபாக்ஸ்-பி3 மரபணு. அந்த ஆராய்ச்சிக்குத்தான் பிரன்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆம், அதே எலியின் சகாகுச்சி.

மனசில் உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டி செல்லின் சேதியைத் தணிக்கும் பிடிபிஎன்-22 என்ற மரபணுவில் ஒரு மாற்றம், ஐரோப்பியரிடம் சர்க்கரை நோயின் முதல் வகையோடும் சரவாங்கியோடும் தொடர்புள்ளதாக 2004இல் தெரிந்தது. நம்மவர்களிடம் அந்த மாற்றம் அரிது. ஆனால் நோய் நம்மிடம் அரிதில்லை. நம் மக்களின் மரபணுக்களை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

டி செல்லை அடக்கும் மருந்துகளுக்கு வருகிறேன். சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்தும், டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுகுபா மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்தும் கிடைத்தவை. இரண்டும் தடுப்பது கால்சிநியூரினைத்தான் என்று தெரிந்தது 1991இல். அதற்குள் சைக்ளோஸ்போரின் எத்தனையோ பேருக்கு மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டது. டோஃபாசிடினிப் என்ற மருந்து வேறு இடத்தில் கை வைக்கும்: சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுப் புரதங்கள், வெளியிலிருந்து கொண்டுவரும் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜாக் நொதிகளை அடக்கும். இத்தகைய மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். நம் ஊரில் அந்தக் கிருமி பலர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. காவலைத் தளர்த்தினால் விழித்துக்கொள்ளும்.

அந்த அம்மாவுக்கு நான் தொடங்கியது மெதோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தயவுசெய்து இதை வீட்டில் எழுதி ஒட்டுங்கள்: தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஐந்தாறு மாதத்தில் வீக்கம் வடிந்தது. "குணமாயிடுச்சே, நிறுத்திடலாமா?" என்று கேட்டார். மூட்டுக்குள் அந்தச் சண்டையை நினைவில் வைத்திருக்கும் செல்கள் இன்னும் இருக்கும், நிறுத்த வேண்டாம், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்றேன். போன வாரம் வந்தபோது, கையைப் பார்க்க வாங்கினேன். நகக்கண்ணில் கோலமாவு ஒட்டியிருந்தது.