முதலில் பணம் யாருடையது என்று கேளுங்கள்

வணக்கம். வெளிநாட்டுக்கு ஃபைனான்ஸ் படிக்கப் போகிறவர்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். விசா, வாடகை பற்றியெல்லாம் உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் குரூப் பிராஜெக்ட் பற்றி மட்டும் பேசுகிறேன். சொத்து மேலாண்மை, அதாவது அடுத்தவர் பணத்தை வைத்துக் காப்பாற்றி வளர்க்கிற வேலை, நான்கு நாட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடும்போதுதான் உருப்படியாக மண்டையில் ஏறும்.

ஒரு ஓய்வூதிய நிதியைக் கொடுத்து, இருபது வருடத்துக்கு முதலீட்டுத் திட்டம் போடுங்கள் என்பார்கள். சில இடங்களில் நிஜப் பணமே கையில் வரும். அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்கிற அரசு மின் நிறுவனம் 1998-இல் தொடங்கி, தன் பகுதியிலுள்ள பல்கலைக்கழக மாணவர்களிடம் தன் நிதியில் ஒரு பகுதியை முதலீடு செய்யக் கொடுத்தது.

உடனே நம் பையன் என்ன செய்வான்? லேப்டாப்பைத் திறந்து தனக்குத் தெரிந்த மும்பைப் பங்குகளைத் தேடுவான். எதிரே இருக்கும் அமெரிக்கப் பெண் ஆப்பிள் என்பாள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஃபிரெஞ்ச், போட்டர்பா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1991-இல் வெளியிட்ட கணக்கில், ஜப்பானியரின் பங்கு முதலீட்டில் சுமார் 98 சதவீதமும் அமெரிக்கருடையதில் 94 சதவீதமும் சொந்த நாட்டிலேயே இருந்தது. இதற்கு நேர் எதிராக, 1996-இல் முதல் பணம் போடப்பட்ட நார்வேயின் எண்ணெய் நிதிக்கு, அதாவது எண்ணெய் வருமானத்தைச் சேர்த்து வைக்கும் அரசு நிதிக்கு, நார்வேக்குள் முதலீடு செய்யவே அனுமதி இல்லை.

இனிமேல்தான் சுவாரசியம். 'எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஒரு தொகை, போட்டு விட்டுவிடு, நீண்ட காலத்தில் பங்குச் சந்தை ஏறத்தான் செய்யும்' என்பது நமக்கு வேதவாக்கு. டோக்கியோவிலிருந்து வந்த பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கே குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-இல் முடிந்தது, அதை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. நிறுவனங்கள் பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டைச் சேர்த்தால் கொஞ்சம் முன்னாலேயே மீண்டிருக்கும், சரி, ஆனாலும் முப்பத்து நான்கு வருடம் என்பது ஒருவர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுகிற காலம் அல்லவா? அப்புறம் அரசுக் கடன் பத்திரத்துக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால், அர்ஜென்டினாக்காரர் தன் அரசு கடனைக் கட்டத் தவறிய வருடங்களை 2001, 2014, 2020 என்று விரல் விட்டு எண்ணுவார்.

ஸ்விஸ் மாணவர் நாணயத்தைப் பற்றிக் கேட்பார். 2015 ஜனவரி 15 காலையில், ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று பிடித்து வைத்திருந்த கீழ் வரம்பை ஸ்விஸ் மத்திய வங்கி கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போய்விட்டது. அன்று ஜெர்மன் பங்குகள் ஏறவே செய்தன, ஆனாலும் அவற்றைக் கரன்சி பாதுகாப்பு, அதாவது நாணய மதிப்பு மாறினால் நஷ்டம் வராதபடி செய்துகொள்ளும் ஏற்பாடு, இல்லாமல் வைத்திருந்த ஸ்விஸ்காரருக்கு நஷ்டம். ஆகவே இந்தப் பணம் யாருடையது, அவர் எந்த நாணயத்தில் செலவு செய்வார், எப்போது எடுப்பார், எவ்வளவு வீழ்ச்சியைத் தாங்குவார் என்பதை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பங்கு பக்கமே போக வேண்டும். தொழிலில் இதை முதலீட்டுக் கொள்கை அறிக்கை என்பார்கள்.

நம்மவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கோபிக்காதீர்கள். எக்ஸெல் வேலை முழுவதையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு விவாதத்தில் வாயே திறப்பதில்லை. ஆனால் விவாதமே அந்த எக்ஸெலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்குப் போடும்போது தள்ளுபடி விகிதம், அதாவது நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம், 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, நிரந்தர வளர்ச்சியை, அதாவது வருமானம் என்றென்றும் வருடத்துக்கு இவ்வளவு வளரும் என்ற அனுமானத்தை, 3-இலிருந்து 4 ஆக்கிப் பாருங்கள், இறுதி மதிப்பு, அதாவது கணிப்பு போட்ட வருடங்களுக்குப் பிறகு வரும் பணத்தின் மொத்த மதிப்பு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர் மாற்றிய எண் அது! யார் மாற்றினார், ஏன், யார் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து விலை ஏறியிருந்தால் எல்லோரும் 'நான் அப்பவே சொன்னேன்' என்பார்கள், அப்போது அந்த வரிதான் சாட்சி.

இன்று உங்களை நாலு நாலு பேராகப் பிரித்திருக்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியையின் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மகன் சிங்கப்பூரில், செலவெல்லாம் இங்கே. அந்தப் பக்கத்தில் ஒரு பங்கின் பெயர்கூட இருக்கக் கூடாது.