கறுவா உரிக்கும் கை

நேயர்களுக்கு வணக்கம். கறுவாவைப் பற்றி, அதாவது இலங்கையின் இலவங்கப்பட்டையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் 1505இல் அங்கே வந்த போர்த்துக்கீசக் கப்பலில் ஏறிக்கொள்வார்கள். எனக்கோ தென்னிலங்கையில் கரந்தெனிய, அம்பலாங்கொடைப் பக்கம் தரையில் உட்கார்ந்து பட்டை உரிக்கிறவர்கள்தான் முக்கியம்.

கறுவா மரத்தை அதன் போக்கில் விட்டால் முப்பது அடிக்கு மேல் வளரும். தோட்டத்தில் விடமாட்டார்கள். அடியில் வெட்ட வெட்ட, ஒரே கட்டையிலிருந்து பல தடிகள் துளிர்க்கும். பெருவிரல் பருமனானதும் மழைக்குப் பிறகு வெட்டுவார்கள். அப்போதுதான் பட்டை இலகுவாகக் கழலும். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, அப்புறம் சின்னக் கத்தியால் நெடுகக் கீறி உள்பட்டையை உரிப்பார்கள். தடி காய்ந்தால் பட்டை ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெட்டிய சூட்டோடு உரித்தாக வேண்டும். உரித்ததை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, துண்டு துணுக்குகளை உள்ளே அடைத்து, மூன்றரை அடிக் குழலாக்கி, கூரைக்கடியில் கயிறு கட்டி நிழலில் காயவைப்பார்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் பருக்காத குழல் 'அல்பா'. விலையில் அதுதான் உச்சம். அதே தடி பழக்கமில்லாத கையில் கிடைத்தால் தரம் இறங்கிவிடும்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் சலாகம சாதியார் காட்டுக்குப் போய்ப் பட்டை கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கட்டாய ஊழியம். 1760களில்தான் கொழும்பு மருதானையில் தோட்டமாக நட்டார்கள். (இன்று கறுவாத்தோட்டம் என்ற பெயர் தாங்கும் கொழும்புப் பகுதியில் பங்களாக்கள்தான் செழிப்பு!) 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. பெருமைதான். ஆனால் உரிக்கிற வேலையை ஊர் இன்னும் தாழ்வாகப் பார்க்கிறது, இளம் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள்.

சரி, கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை பெரும்பாலும் வியட்நாம், சீனாவிலிருந்து வரும் கேசியா, கறுவாவுக்கு உறவான வேறொரு மரத்தின் பட்டை. பிரியாணிக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் குமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். தினமும் கரண்டி கரண்டியாக வெந்நீரில் கலந்து குடித்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம். கறுவாவில் அது மிகக் குறைவு. தூளானபின் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். குழலாகவே வாங்கி நுனியைப் பாருங்கள். சுருட்டுப் போலப் பல அடுக்காக இருந்து, விரலால் நொறுக்க முடிந்தால் கறுவா. வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.