ஆட்டுப் புழுக்கை அள்ளுவதில் அப்படி என்ன கிடைக்கிறது?

சரி, அடுத்த கேள்வி. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன்.

"அண்ணே, வரும் மார்ச்சில் என் கணவருக்கு 55 வயது. உங்கள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஓய்வுக்காலச் சேமநிதிப் பணத்தில் ரவாங் பக்கம் அரை ஏக்கர் எடுத்து ஆடு, கோழி வளர்க்கப் போகிறேன் என்கிறார். மனசுக்கு நிம்மதி, வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் என்றெல்லாம் பேசுகிறார். தினமும் புழுக்கை அள்ளி, தொட்டி கழுவி, புல் வெட்டுவதில் உங்களுக்கு அப்படி என்ன அர்த்தம் கிடைக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்."

உண்மையைக் கேட்டுவிட்டீர்கள். அப்படியானால் முதலில் கணக்கு. என்னிடம் இருப்பது 14 கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழிதான்), 3 ஆடு, நாலு வாழை, ஒரு முருங்கை. போன மாதம் தீவனம், வலை, மருந்து எல்லாவற்றையும் கூட்டி வந்த முட்டையால் வகுத்துப் பார்த்தேன். ஒரு முட்டை 1 வெள்ளி (ரிங்கிட்) 10 காசு. நில வாடகை இதில் இல்லை. எங்கள் ஊர்ச் சந்தையான சுங்கை பாக்காப் பாசாரில் அதில் பாதி கூடக் கொடுக்க வேண்டாம். என் மனைவி இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை முட்டை பொரிக்கும்போது கொஞ்சம் மரியாதையாகப் பொரிக்கிறேன்" என்றார்.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். லாபத்துக்காக இதில் இறங்குகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். அவர் சொல்வது நிம்மதி, அர்த்தம். அதைப் பார்ப்போம்.

ஆரம்பத்தில் நானும் அதைத்தான் தேடினேன். ஒவ்வொரு வேலையையும் தியானம் மாதிரி செய்யுங்கள் என்று யாரோ எங்கோ சொல்லியிருந்தார். மூச்சைக் கவனித்துக்கொண்டே தொட்டி கழுவிப் பார்த்தேன். மூச்சைக் கவனித்தால் நாற்றம்தான் அதிகமாகத் தெரிந்தது. நீல டோங்கை, அதாவது பீப்பாயை, நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து செய்த தொட்டி அது. நம் ஊர் வெயிலுக்கு மூன்றே நாளில் உள்பக்கம் பச்சைப் பாசி பிடித்து, கை வைத்தால் வழவழவென்று வழுக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும், பிரஷ் அங்கே வேலைக்காகாது. சோம்பல்பட்டு விடவும் முடியாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். சுகாதார இலாகா ஆட்கள் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம். ஆக, முதல் ஆறு மாதம் நான் தொட்டி கழுவியது ஞானத்துக்காக இல்லை, டிங்கிக்கும் அபராதத்துக்கும் பயந்து.

அப்புறம் ஒரு நாள் காலை. தொட்டியைக் கவிழ்க்கப் போனால் கனமாக இருக்கிறது. வழக்கமாக விடியும்போது அடியில் நாலு விரல் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். அன்று அதைவிட நிறைய இருந்தது. யாரோ குடிக்கவில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், இரண்டு ஆடு வாசலில் நின்று கத்துகிறது, கருப்பியைக் காணோம். உள்ளே ஆட்டுக்கொட்டகைப் பரண் மூலையில் நிற்கிறாள், இடது பக்கம் வயிறு புடைத்திருக்கிறது. விரலால் தட்டினால் உறுமி மாதிரி சத்தம். முந்தின நாள் மழைக்குப் பிறகு ஈரத்தோடு இளம்புல்லை வெட்டிப் போட்டிருந்தேன், அதை வயிறு முட்டத் தின்றிருக்கிறாள். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி சமையல் எண்ணெய் புகட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கவிட்டு, பத்து மணிக்கு ஒரு ஏப்பம் விட்டாள் பாருங்கள்! என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது கூட நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 27 வருடம் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்தவன் நான். முதலில் கடலைத் தாண்டும் பழைய பாலத்தில் போய் வந்தேன், 2014இல் பத்து காவான் பாலம் திறந்த பிறகு அதில். 12 மணி நேர ஷிப்ட். அங்கே எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் வேலை. ஏதாவது மாறினால் சிவப்பு விளக்கு எரியும், எரிந்தால் நான் எழுந்து போவேன். மற்றபடி என் கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது. இங்கே விளக்கு இல்லை. தினமும் அதே நேரத்தில் அதே தொட்டியைக் கவிழ்க்கிற கைக்குத்தான் இன்றைக்கு ஏதோ வேறு மாதிரி என்று தெரியும். வாரம் ஒரு முறை வந்து போகிறவனுக்குக் கருப்பியின் வயிறு தெரிந்திருக்காது. மாதம் ஒரு முறை வருபவனுக்குக் கருப்பியே இருந்திருக்க மாட்டாள்.

இதைச் சொன்னால் என் அம்மா சிரிப்பார். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான்.

அம்மாவுக்கு 82 வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய், 500 மரம் வெட்டி, மறுபடி சுற்றி வந்து மரத்தில் மாட்டிய மங்கு என்கிற கிண்ணத்திலிருந்து பால் எடுத்து, வாளியைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) தூக்கி வந்து ஸ்டோரில் நிறுப்பார். மழை பெய்தால் மரம் ஈரம், வெட்டு கிடையாது, அன்றைய சம்பளமும் போச்சு. நான் நிலம் வாடகைக்கு எடுத்தேன் என்று சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "உன்னைத் தோட்டத்திலிருந்து வெளியே தள்ளத்தானே நான் அத்தனை மரம் வெட்டினேன்? நீ காசு கொடுத்து உள்ளே போகிறாயா?" ஒரு வருடம் அவர் இந்தப் பக்கமே வரவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மாதா மாதம் வீட்டுக்குப் பணம் வருகிற நிம்மதியில்தான் நான் புழுக்கையில் அர்த்தம் பார்க்கிறேன். நான் அரை மணி நேரம் பிந்தினால் ஆடு கத்தும், அவ்வளவுதான். அவர் பிந்தினால் தண்டல், அதாவது மேற்பார்வையாளர், அன்றைய வேலைக்குப் பெயரைப் போட மாட்டார். ஒரே மாதிரியான வேலைதான், ஆனால் விசில் யார் கையில் இருக்கிறது என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர்களிடம் போய் உங்கள் வேலையில் எவ்வளவு அர்த்தம் என்று யாராவது பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். நானே ஒன்றிரண்டு பழைய வீடியோவில் அப்படிப் பேசியிருக்கிறேன், தேடாதீர்கள்.

அப்புறம் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், பேரப்பிள்ளைகள் இழுத்ததால் வந்தார். நான் நேப்பியர் புல் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பேசவில்லை, கையிலிருந்து அரிவாளை வாங்கினார். தொட்டித் தண்ணீரைக் கல்லில் தெளித்து, விளிம்பைச் சாய்த்து வைத்து, ஒரு பக்கமாகவே இழுத்தார். நான் முன்னும் பின்னும் தேய்ப்பவன். "சத்தத்தைக் கேள், கரகர என்றால் இன்னும் ஆகவில்லை, ஸ் என்று போனால் ஆச்சு" என்றார். அப்புறம் புல்லில் வைத்து இழுத்தார், புல்லுக்கே தெரியாத மாதிரி சாய்ந்தது.

அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன். "ஏம்மா, அதே 500 மரம், சலிக்கவே இல்லையா?"

"அதே மரமா? எந்த மரம் அதே மரம்?" என்றார்.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது நிரையில் ஓடைப் பக்கம் ஒரு மரம், சாய்ந்து நிற்கும், அதற்கு நொண்டி என்று பெயர் வைத்திருந்தாராம். வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிட்டால் மங்கு நிறைய ஊற்றும், பிந்தினால் கோபித்துக்கொள்ளும். இன்னொரு மரத்தில், இவர் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் யாரோ கத்தியை ஆழமாக விட்டுவிட்டார்கள், பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்துவிட்டது. அந்த முடிச்சுக்கு மேல் மட்டும் மெல்லிசாக, தோல் சீவுவது போல் எடுக்க வேண்டுமாம். கையைக் காற்றில் வைத்து வெட்டிக் காட்டினார், மணிக்கட்டு அப்படியே திரும்பியது. தோட்டத்தில் ரப்பரை அழித்து செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நொண்டி எப்போதோ விறகாகப் போயிருக்கும்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறார். கோழி எண்ணுவது அவர் வேலை. மாலையில் அடைகிற நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவார், 14 வராவிட்டால் என்னை விடமாட்டார். ஒரு தடவை 13 வந்தது, உடும்பு தூக்கிப் போயிருக்கிறது என்று இறகை வைத்துச் சொன்னார். மணி மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள் அல்லவா, கோழிக்கு அது தெரியாது என்று இன்னமும் பழைய மணிதான் சொல்வார்.

இனி உங்கள் வீட்டுக்காரர் விஷயம். சேமநிதியைத் தொட வேண்டாம், தங்கச்சி. நிலம் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கட்டும். ஆடு வேண்டாம், முதல் வருடம் நாலே நாலு கோழி. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் தீவனம் வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், பல பேர் அங்கேதான் விழுகிறார்கள். ரவாங் பக்கம் குரங்குத் தொல்லை உண்டு, கூண்டுக்கு மேலும் வலை போட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் இங்கே அனுப்பிவையுங்கள். ஆனால் அக்டோபரில் வரச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் நல்ல மழைக்காலம், பரணுக்கு அடியில் சேறு கணுக்கால் வரை நிற்கும், ஆடுகளும் நனையப் பிடிக்காமல் நாள் முழுக்க முறைத்துக்கொண்டு நிற்கும். வீடியோவில் அதை நான் காட்டுவதில்லை, கேமரா நனைந்துவிடும். காலையில் தொட்டி அவர் வேலை, மாலையில் அம்மாவோடு உட்கார்ந்து கோழி எண்ணட்டும். ரப்பர் சப்பாத்து அளவு என்ன என்று மட்டும் முன்னாலேயே எழுதிவிடுங்கள், என்னிடம் கூடுதலாக இருக்கும் ஜோடி 8ஆம் நம்பர்.